கூண்டு வண்டியும் பாலைவனமும்

ஓசூர் வழியாகப் போகிற பெரிய சாலைக்கு இரண்டு நம்பர்கள் உண்டு. அந்தச் சாலையில் தினந்தோறும் போய் வருகிறவர்களில் பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் வரையில் 44-ம் 48-ம் ஒரே சாலையாக, ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போல் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பிறகு தத்தம் வழியைப் பார்த்துக்கொண்டு பிரிந்துவிடுகின்றன. 44-ஐப் பிடித்துக்கொண்டு தெற்கே போய்த் திருநெல்வேலியில் கிழக்கு முகமாகத் திரும்பினால் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு வந்து சேரும். 48-ஐப் பிடித்துக்கொண்டு வடமேற்கே ஆமதாபாத் வரையில் போய், அங்கிருந்து வடக்கே விலகினால் ராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனம் வந்து சேரும். ஆகவே பாகலூர்வாசியான எனக்கு மணலைப் பார்க்க ஆசை வந்தால், ஓசூரில் நின்றுகொண்டு இடது பக்கம் திரும்புவதா, வலது பக்கம் திரும்புவதா என்று தீர்மானிக்க வேண்டியதுதான் பாக்கி.

சொல்வதற்கு இவ்வளவு சுலபம். ஆனால் நாங்கள் மூன்று மாதமாக இதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்; இன்னும் வண்டி புறப்பட்டபாடில்லை. எங்கள் ஊரில் தக்காளியும் ரோஜாவும் ஏற்றுகிற லாரிகள் நடு இரவில் முடிவு செய்து விடியற்காலையில் கிளம்பிவிடுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, ஒரு குடும்பம் மணலைப் பார்த்து வருவதற்கு இத்தனை ஆலோசனை எதற்கு என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறவள். இருபது வருஷமாகக் கரும்பலகையில் இந்தியாவின் படத்தை எழுதி, அதன் மேற்கு ஓரத்தில் மஞ்சள் சுண்ணக்கட்டியால் புள்ளிகள் வைத்து, “இதுதான் தார்” என்று காட்டி வருகிறேன். நான் அதைப் பார்த்ததில்லை. என்றாலும் இந்தப் பிரயாணம் என் ஆசையினால் பிறந்ததன்று. என் தகப்பனாரைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். போகும்போது ஓசூர்த் தொழிற்சாலைச் சரக்கு. வரும்போது கிஷன்கட் சலவைக்கல், சில சமயம் ஜைசல்மேர் மஞ்சள் கல். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது அவர் வீட்டில் தங்கிய நாட்களை எண்ணிவிடலாம். சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் என் மகன் பாடப் புத்தகத்தில் மணல் மேடுகளின் படத்தைக் காட்டி, “தாத்தா, நீங்கள் இதையெல்லாம் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “பாலைவனத்தை முப்பது தடவை தாண்டியிருக்கிறேன், கண்ணு, ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை” என்றார்.

பகல் வெயிலில் பாரத்தோடு ஓடினால் டயர் வெடிக்கும். ஆகையால் இருட்டிய பிறகு ஓட்டுவதும், பகலில் தாபாக் கட்டிலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதுமாகவே அவருடைய பாலைவனம் கழிந்திருக்கிறது. விளக்கு வெளிச்சம் விழுந்த இருபது கஜச் சாலைதான் அவருக்குத் தெரியும். அதன் இரு புறமும் என்ன இருந்தது என்பது தெரியாது.

அவருக்கு இப்போது 74 வயது. சர்க்கரை வியாதியும், அதோடு சிறுநீர்த் தொல்லையும் சேர்ந்திருக்கின்றன. மணிக்கு ஒரு தடவை, சில சமயம் அதற்கும் முன்னதாக, அவர் எழுந்து போக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகச் சேலத்துக்குப் பஸ்ஸில் போனார். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார், நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று முதல் அவர் கல்யாணம், காரியம் ஒன்றுக்கும் ஊரை விட்டுப் போவதில்லை. இந்தியாவைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்த மனிதர் பாகலூர்த் திண்ணையை விட்டு இறங்காமலே மூன்று வருஷம் இருந்துவிட்டார்.

இதில் எனக்கு அதிகக் கவலை தந்தது வேறொன்று. ஓசூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற நாட்களில் அவர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. “தாகமில்லை” என்பார். இந்தத் தந்திரத்தை நம் வீட்டு ஸ்திரீகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரயாணம் என்றால் முதல் நாள் இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவதும், உதடு உலர உலர உட்கார்ந்திருந்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் தலைவலி என்று படுப்பதும் நாங்கள் பத்து வயது முதல் பழகியவை. அவர் எழுபதில் கற்றுக்கொண்டார், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் குடிக்க மறுக்கிற ஒரு கிழவரைப் பாலைவனத்துக்கு அழைத்துப் போவது என்பது விளையாட்டல்ல. ஆகவே எங்கள் ஏற்பாட்டில் முதல் கேள்வி எதைப் பார்ப்பது என்பதன்று. அவரை எப்படித் தண்ணீர் குடிக்க வைப்பது என்பதுதான்.

அங்கேதான் கூண்டு வண்டி வந்தது. மோட்டார் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சிறிய வீடு. ஆங்கிலத்தில் டிரெய்லர் என்றும் காரவன் என்றும் சொல்கிறார்கள். என் தகப்பனார் அதைப் பார்த்த மாத்திரத்தில், “இது நம் கூண்டு வண்டிதானே! மாட்டுக்குப் பதில் கார்” என்று பெயர் வைத்துவிட்டார். மேல் நாட்டாருக்கு இது பழைய சங்கதி. வாலி பையம் என்ற அமெரிக்கர் 1959-ல் இத்தகைய 41 வண்டிகளைத் திரட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரையில் போனார். நம் பக்கத்தில் கேரள சர்க்கார் 2021-ல் இதற்கென்று ஒரு சுற்றுலாக் கொள்கையே வெளியிட்டது. பெங்களூரில் இவற்றை வாடகைக்குத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியில் இரண்டு படுக்கைகள், மடித்து விரிக்கும் ஒரு பலகை, ஓர் அடுப்பு, 80 லிட்டர்த் தண்ணீர்த் தொட்டி ஆகியவை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு கழிப்பிடம் இருக்கிறது. வாசகர்கள் சிரிக்க வேண்டாம். ஜைசல்மேர்க் கோட்டையைவிட எங்களுக்கு அது முக்கியமாகப் பட்டது.

என் கணவர் கணக்கில் கெட்டிக்காரர்; தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பகுதியில் இருப்பவர். அவர் உடனே ஓர் ஆட்சேபம் சொன்னார். பெங்களூரிலிருந்து ஜோத்பூருக்கு நேராக ரயில் இருக்கிறது. ரயிலில் கழிப்பிடமும் இருக்கிறது. பிறகு எதற்கு இந்தத் தொந்தரவு? இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் தகப்பனார்தான் பதில் சொன்னார்: “மாப்பிள்ளை, நான் பார்க்க வேண்டியது ஊரையா? நான் ஓட்டின ரோட்டை அல்லவா பார்க்க வேண்டும்?” அதன் பிறகு ரயிலைப் பற்றிப் பேச்சில்லை.

அடுத்தபடி பஞ்சாங்கம். உபாத்தியாயர்களுக்கு நீண்ட விடுமுறை கோடையில்தான். பாலைவனத்துக்கோ அதுவே யமகண்டம். ராஜஸ்தானத்தில் பலோதி என்ற ஊரில் 2016-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அந்த மாதத்தில் தகரக் கூண்டுக்குள் ஒரு முதியவரைப் படுக்க வைப்பது பாவம். போகத் தகுந்த காலம் கார்த்திகையிலிருந்து மாசி வரையில். எங்களுக்கோ அரையாண்டுப் பரீட்சைக்குப் பின் ஒன்பது நாள், பொங்கலுக்கு நாலு நாள். பாகலூரிலிருந்து ஜைசல்மேர் ஏறக்குறைய 2,100 கிலோமீட்டர். லாரிக்காரர் மூன்று நாளில் போய்விடுவார். கூண்டு வண்டியை இழுத்துக்கொண்டு, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், மணிக்கு ஒரு தடவை நின்று போகிற நாங்கள் நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் போனால் அதிகம். போக எட்டு நாள், வர எட்டு நாள். ஒன்பது நாள் விடுமுறையில் போனதும் திரும்ப வேண்டியதுதான்.

ஆகவே இரண்டு விடுமுறைகளையும் தைத்து ஒன்றாக்கினேன். டிசம்பர் 24 முதல் ஜனவரி 17 வரையில் 25 நாள். நடுவில் வருகிற பள்ளி நாட்களுக்கு விடுப்புக் கேட்க வேண்டும். நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். பொதுப் பரீட்சைக்கு முன் ஜனவரியில் உபாத்தியாயினி ஊரில் இல்லை என்றால் பெற்றோர்கள் என்ன நினைப்பார்கள்? எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டுப் பாஷை தெலுங்கு, கால் பேருக்குக் கன்னடம். தமிழில் பூகோளம் எழுத அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிக அவகாசம் தேவை. இதை எண்ணி ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் நவம்பர் மாதத்துச் சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்துப் பாடங்களை முன்னதாகவே முடித்துவிடுவது, ஜனவரியில் திருப்புதல் வகுப்புகளை என் சிநேகிதியான மற்றோர் ஆசிரியை எடுப்பது, அவளுடைய பிப்ரவரி வகுப்புகளில் நான் கைகொடுப்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். தலைமையாசிரியை விண்ணப்பத்தை வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் கையெழுத்தாகவில்லை.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டுச் சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் விளக்கத்திலேயே அது அடங்கியிருக்கிறது. ஆகவே காருக்குத் தனியாக, அதற்குத் தனியாகப் பதிவும் இன்ஷூரன்ஸும் வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் பற்றி ஒரு காரியாலயத்தில் விசாரித்தபோது ஒரு மேஜையில் ஒரு பதிலும் அடுத்த மேஜையில் வேறொரு பதிலும் கிடைத்தன. எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்வதென்று முடிவு செய்தோம். நான்கு ராஜ்யங்களின் சாவடிகளைத் தாண்டிப் போகிறவர்களுக்கு வாய் வார்த்தை போதாது. எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதைக் காரின் கைப்புத்தகத்தில் பார்க்க வேண்டும். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு கணக்கு, பிரேக் இல்லாததற்கு அதைவிட மிகக் குறைந்த கணக்கு. புத்தகத்தில் ஒன்றும் சொல்லியிராவிட்டால் அந்தக் கார் இழுக்கத் தகுந்ததன்று என்றே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது என் கணவரின் கட்சி. இழுக்க முடிவது பெரிதல்ல, நிறுத்த முடிய வேண்டும் என்பது என் தகப்பனாரின் கட்சி. இரண்டும் ஒன்றுதான்.

பாரம் ஏற்றும் முறையில் என் தகப்பனார் எங்களுக்கு ஒரு நாள் முழுதும் பாடம் நடத்தினார். மாட்டு வண்டி ஓட்டிய நம் முன்னோர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள் அல்லவா? முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானால் வண்டி குடை சாய்ந்து நுகத்தடி மேலே தூக்கும். மோட்டார் காரின் பின்னால் வரும் வண்டிக்கும் இதே நியாயம்தான். ஆனால் தண்டனை கடுமை. பின்பாரம் அதிகமான டிரெய்லர் வேகத்தில் பாம்பு போல் வளைந்து ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் காரையும் சேர்த்துச் சாலையை விட்டுத் தள்ளிவிடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது கணக்கு. எங்கள் கூண்டு வண்டி சாமான்களோடு 750 கிலோ என்றால் கொக்கியில் 75 கிலோவுக்குக் குறையக் கூடாது. இதை அளப்பதற்குப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. வீட்டில் நாம் ஏறி நின்று எடை பார்க்கிற பெட்டியைக் கொக்கி முனைக்கு அடியில் வைத்தால் தெரிந்துவிடும். அரிசி, பருப்பு, அடுப்பு, ஜாக்கி எல்லாம் அச்சுக்கு மேலே அல்லது சற்று முன்னால். பின் மூலையில் தலையணையும் துணியும் தவிர வேறொன்றும் கூடாது. ஆட்டம் கண்டால் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை வெட்டாதே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு என்று என்னையும் என் கணவரையும் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒப்பிக்கச் செய்தார். மூன்று வருஷமாக அவர் குரலில் அந்த அதிகாரத்தை நான் கேட்டதில்லை.

தண்ணீர்க் கணக்கு என்னுடையது. நாங்கள் நாலு பேர். குடிக்க, சமைக்க, கை கால் கழுவ, ஆளுக்குப் பத்து லிட்டர் என்று சிக்கனமாகப் பிடித்தாலும் நாளுக்கு 40 லிட்டர். தொட்டி இரண்டு நாளுக்குத்தான் வரும். பெரிய தொட்டி வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தண்ணீரைக் கூட்டினால் பாரம் கூடுகிறது. பாரம் கூடினால் பிரேக்குக்கு வேலை கூடுகிறது. அரைத் தொட்டித் தண்ணீர் வளைவுகளில் அலை மோதி வண்டியை வேறு ஆட்டும். ஆகவே இரவு தங்கும் இடந்தோறும் தொட்டியை நிரப்புவது, குடிக்கும் தண்ணீரை மாத்திரம் 20 லிட்டர் கேனில் காருக்குள் தனியாக வைப்பது என்று ஏற்பாடு. கழிப்பிடத்துப் பெட்டியையும் தினம் காலி செய்ய வேண்டும். அதை மணலிலோ ஓடையிலோ கொட்டுவதில்லை, பெட்ரோல் பங்குக் கழிப்பறையில் அநுமதி கேட்டுத்தான் கொட்டுவது என்று என் மகனைக் கொண்டே நோட்டுப் புத்தகத்தில் எழுத வைத்திருக்கிறேன். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதினான்.

ஓடுகிற கூண்டு வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாது. இது முக்கியம். ஆகவே என் தகப்பனார் காரில்தான் இருப்பார். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வண்டி நிற்கும். “கேட்டாலும் கேட்காவிட்டாலும்” என்பதில்தான் முழு ஏற்பாடும் அடங்கியிருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்கிற அவமானம் அவருக்கு இனி இருக்கக் கூடாது. நிற்கிற இடத்தில் எல்லோரும் இறங்குவோம், எல்லோரும் ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்போம். இதனால் மணிக்கணக்கு நீளும், நீளட்டும். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் மாலை 4 மணிக்குள் கூடாரம் அடித்தாக வேண்டும். இருட்டில் இழுவை வண்டி ஓட்டுவதில்லை.

வழியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இரவுத் தங்கல் சித்திரதுர்க்கம், பெல்காம், சதாரா என்று போகும். நாலாம் நாள் புனேயைத் தாண்டிக் கண்டாலா மலையில் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. “எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு, பிரேக்கைக் காய விடாதே” என்பது லாரிக்காரர்களின் வேதவாக்கு. ஐந்தாம் நாள் நவசாரி. அங்கிருந்து சற்று விலகிக் கடற்கரையில் தண்டி இருக்கிறது. மகாத்மா 1930-ஆம் வருஷம் மார்ச் 12-ஆம் தேதி சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களுடன் புறப்பட்டு, ஏப்ரல் 6-ஆம் தேதி உப்பு எடுத்த இடம். அதே ஏப்ரலில் வேதாரண்யத்துக்கு யாத்திரை நடத்திய ராஜாஜி எங்கள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். ஆகவே எங்களுக்குத் தண்டியின் மேல் கொஞ்சம் உறவு பாராட்ட இடமிருக்கிறது. என் தகப்பனார் நவசாரியை எத்தனை தடவை தாண்டினோம் என்பதை எண்ணியதில்லையாம். தண்டிக்கு ஒரு தடவைகூடத் திரும்பியதில்லையாம். சரக்கு நேரத்துக்குப் போக வேண்டும் அல்லவா? அவர்கள் 24 நாள் நடந்த வழியை நாங்கள் எதிர்த் திசையில் ஒரு நாளில் கடந்து ஆமதாபாத் சேருவோம். பிறகு 48-ஐ விட்டு விலகி, சாஞ்சோர், பார்மேர் வழியாக ஜைசல்மேர்.

அங்கே போனதும் கூண்டு வண்டியைக் கழற்றி ஊர் ஓரத்தில் கெட்டித் தரையில் நிறுத்திவிட வேண்டும். மணலுக்குள் டிரெய்லரை இழுத்துப் போகிறவன் அதைத் திரும்ப இழுத்து வருவதற்கு ஒட்டகம் தேட வேண்டியதுதான். ஸாம் என்ற இடத்து மணல் மேடுகள் ஜைசல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். தார்ச் சாலை அருகிலேயே செல்கிறது. அங்கே காரை மாத்திரம் கொண்டு போய், சாலை ஓரத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்துவிடுவதாக உத்தேசம். மணலில் நடக்க அவர் முழங்கால் இடந்தராது. நடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் பார்க்க ஆசைப்படுவது மணலைக் காட்டிலும் தண்ணீரை. அங்கே வருஷத்து மழை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் அதைப்போல் நாலு மடங்கு பெய்கிறது. அப்படியிருந்தும் அங்கே நூற்றாண்டுகளாகக் கிராமங்கள் இருந்து வருகின்றன. பாலிவால் பிராமணர்கள் கல் தரையில் ஓடி வருகிற மழைத் தண்ணீரைத் தாழ்ந்த நிலத்தில் கரை கட்டி நிறுத்தி, அது ஊறிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமை விளைத்தார்கள். அந்த வயல்களுக்குக் கடீன் என்று பெயர். வீட்டு முற்றத்து மழையைச் சேர்த்து வைக்கும் நிலவறைத் தொட்டிக்கு டாங்கா என்று பெயர். அந்தப் பாலிவால்கள் விட்டுப் போன குல்தாரா என்ற ஊர் இன்றும் கூரையில்லாத சுவர்களோடு நிற்கிறது. 1958-ல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், இப்போது இந்திரா காந்தியின் பெயரைக் கொண்டது, பஞ்சாபிலிருந்து சட்லெஜ், பியாஸ் நதிகளின் தண்ணீரை ஜைசல்மேர் ஜில்லா வரையில் கொண்டு வந்திருக்கிறது. நாலு பேருக்கு 80 லிட்டரை எப்படிப் பங்கிடுவது என்று மூன்று மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறவளுக்கு இவற்றையெல்லாம் பார்ப்பதில் தனி ருசி இருக்குமென்று நினைக்கிறேன். ஜைசல்மேருக்குப் பக்கத்தில் ஆகல் என்ற இடத்தில் சுமார் 18 கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அடர்ந்த காடு இருந்த இடமாம் அது! என் மகனுக்கு அதைக் காட்ட வேண்டும்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. பாலைவனம் என்றால் வெயில் என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள். ஜனவரி இரவில் அங்கே ஐந்தாறு டிகிரி வரையில் குளிர் இறங்கிவிடும். குளிர் அதிகமானால் சிறுநீர்த் தொல்லையும் அதிகமாகும் என்று டாக்டர் சொன்னார். ஆகவே கம்பளிகள் கணக்கில் சேர்ந்தன. பாரம் எட்டுக் கிலோ ஏறிற்று.

இத்தனையும் காகிதத்தில். கிழவர் ஒருவர் தகரப் பெட்டிக்குள் இருபத்தைந்து நாள் தூங்கி எழுவாரா என்பது காகிதத்தில் தெரியுமா? அதற்காகவே முதலில் தேரிக்காடு. காலாண்டு விடுமுறையில் 44-ஐப் பிடித்துத் தெற்கே 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு நாளில் போய், இரண்டு நாள் இருந்து, இரண்டு நாளில் திரும்பலாம். தொப்பூர்க் கணவாயின் இறக்கம் கண்டாலாவுக்கு ஒத்திகையாக அமையும். பூகோளப்படி பார்த்தால் தேரி பாலைவனமே அல்ல. அங்கே பெய்கிற மழை தார் நாட்டானுக்குக் கிடைத்தால் அவன் திருவிழாக் கொண்டாடுவான். காற்று கொண்டுவந்து குவித்த சிவப்பு மணல் அது. மணலின் மேல் படிந்த இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசுகிற காற்றில் மணல் மேடுகள் இடம் மாறிக்கொண்டிருந்ததால் மரங்களை நட்டு அடக்கினார்கள். புரட்டாசி முடிவில் அந்தக் காற்று ஓய்ந்திருக்கும். ஆனால் முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் இலக்கணம் சொல்கிறது. நம்மவர்களுக்குப் பாலை என்பது நிரந்தரமான ஓர் இடம் அன்று. நல்ல நிலத்துக்கு வருகிற ஒரு காலம். அந்த இலக்கணத்துக்குத் தேரி பொருந்துகிறதோ இல்லையோ, செம்மணலுக்கு நடுவே பனை மரங்களும், மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும், அதன் சுனையும் இருக்கின்றன. உடன்குடிக் கருப்பட்டியும் கிடைக்கும். அதை என் தகப்பனார் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தேரியில் இரண்டு இரவு கழிந்த பின் தார் யாத்திரை உண்டா, இல்லையா என்று அவரே சொல்ல வேண்டியது. “முடியாது” என்றால் அத்தோடு சரி. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். யாரும் அவரை வற்புறுத்துவதில்லை. இதற்கு எல்லோரும் சம்மதித்துவிட்டோம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் கணவர் ஆறுதலாகச் சொன்னார். 74 வயதுக்காரரிடம் அடுத்த வருஷத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்த வார்த்தை எவ்வளவு இலேசாக ஒலிக்கிறது என்பதைச் சொன்னவரே உணர்ந்து, பேச்சை மாற்றினார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து கூண்டு வண்டியை ஒரு நாளைக்கு மாத்திரம் வாங்கி வந்தோம். கெலவரப்பள்ளி அணை வரையில் இழுத்துப் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. தெருவே கூடிவிட்டது. என் தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டயர்களைத் தட்டிப் பார்த்தார்; கொக்கியின் பூட்டை இழுத்துப் பார்த்தார்; பின் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, அவை சரியாக எரிகின்றனவா என்று பின்னால் நின்று பார்த்தார். பிறகு கூண்டுக்குள் ஏறப் போனார். படி உயரம். முழங்கால் மடங்கவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை முயன்றுவிட்டு, கையை எடுத்துவிட்டார். நாங்கள் யாரும் பேசவில்லை. அவர் ஊன்றுகோலைத் தரையில் நிறுத்திப் படியின் உயரத்தை அதில் விரலால் குறித்துக்கொண்டார். “நடுவில் இன்னொரு படி வைத்து, இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி வெல்டிங் வைத்தால் போதும். பதினாலு அங்குலம் இருக்கிறது, ஏழு ஏழாகப் பிரி” என்றார்.

வண்டி கிளம்புகிற சமயத்தில், உள்ளே போயிருந்த என் மகனைக் கூப்பிட்டு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். நின்றுகொண்டே அண்ணாந்து முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

கைப்பிடி வைப்பதற்கு ஓசூர் வெல்டிங் பட்டறைக்காரர் வருகிற வெள்ளிக்கிழமை நாள் கொடுத்திருக்கிறார். வண்டியின் சொந்தக்காரரிடம் அநுமதியும் வாங்கியாகிவிட்டது.